அரசவையும் ஒரு மொட்டைக் கடிதமும்

சீனப் பேரரசர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் என் மனைவி வீட்டில் இருந்திருக்கவே கூடாது. பதினாறு வருடங்களாகச் சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் இருந்த இடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பு. ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றின் கட்டடத்தை மூன்று மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுத்து நடத்துகிற பள்ளிக்கூடம் அது. சம்பளம் கிடையாது. ஆண்டு விழாவில் ஒரு பூச்செண்டும், மேடையில் பெயரைப் பிழையாக வாசிக்கிற மரியாதையும் உண்டு. அதற்காக அவள் எத்தனையோ கலியாண வீடுகளை விட்டிருக்கிறாள். என் அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். அக்கா இன்னும் அதை மறக்கவில்லை.

அந்த வருடப் பேச்சுப் போட்டிக்கு அவளை நடுவராகப் போட்டார்கள். நிர்வாகத்தில் ஒருவரையும் தெரியாத வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு முதற்பரிசைக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதாக வந்தது பள்ளிக்கூட நிர்வாகத் தலைவரின் பேத்தி. அந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் பேசியது. நடுவில் மறந்துபோய், மேடையில் நின்றபடியே தாயைப் பார்த்து அடுத்த வரி என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டது, அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடையே ஒரு வம்சம் பகைகொள்ள இது போதும்.

இரண்டு கிழமை கழித்து நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்தபோது நாங்கள் காணி உறுதிப் பத்திரங்களை விட்டுவிட்டு வந்தோம், நகைகளை விட்டுவிட்டு வந்தோம். மொட்டைக் கடிதம் எழுதுகிற பழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். முன்பு இடக்கையால் எழுதுவார்கள். இப்போது கணினியில் அடித்து, முதல் வகுப்பு முத்திரை ஒட்டி அனுப்புகிறார்கள். கீழே கையெழுத்து இருக்காது. 'இப்படிக்கு, நலன்விரும்பி' என்று மட்டும் இருக்கும். நலன்விரும்பி ஒருவர் எழுத உட்கார்ந்தால் யாருக்கோ கஷ்டகாலம் தொடங்கிவிட்டதென்று அர்த்தம்.

தலைவர் தொலைபேசியில் அழைத்து, டீச்சர் கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ என்றார். எதற்கு என்று மனைவி கேட்டாள். ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், அதில் இருப்பதைச் சொன்னால் அவளுடைய மனம் நோகும் என்றும், சொல்லாமல் இருப்பது அவளுடைய நல்லதுக்குத்தான் என்றும் சொன்னார். குற்றம் என்னவென்று சொல்லாமலே தண்டனை கொடுக்கிற இந்தக் கருணையை வேறு எந்த இனத்திடமும் நான் கண்டதில்லை.

முதல் சனிக்கிழமை அவள் வழக்கம்போல எழும்பிக் குளித்து, சேலை உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டுவிட்டு, அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை அடுத்த ஐந்து மாதமும் கேட்டாள். சோற்றை வடிக்கும்போதும் கேட்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்பாள். பதினாறு வருடத்தில் தான் செய்த பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இதுவோ, அதுவோ என்று பார்த்தாள்.

ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மகள் ஒருநாள் வந்து, அம்மாவுக்குப் பொழுதுபோக ஏதாவது வேண்டும் என்று தொலைக்காட்சியில் ஒரு செயலியைப் போட்டுவிட்டுப் போனாள். தமிழ்த் தொடர்களை மனைவி பார்க்கமாட்டாள். அவற்றில் வருகிற மாமியார்கள் எல்லோரையும் தனக்கு நேரிலேயே தெரியும் என்பாள். கையில் அகப்பட்டது ஒரு சீனச் சரித்திரத் தொடர். நாற்பத்தெட்டு அத்தியாயம். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மாகாண நீதிபதி ஒருவர் மீது அரசருக்கு ஒரு பொய்க் கடிதம் போகிறது. அவரை எல்லைக்கு நாடு கடத்திவிடுகிறார்கள். அவரிடம் படித்தவன், ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டுகிற சின்ன உத்தியோகத்தில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, அந்தக் கடிதத்தை அரசவையில் வைத்து எல்லோர் முன்னாலும் வாசிக்கச் செய்யவேண்டும். குறுக்கே ஒரு பிரதம மந்திரி இருக்கிறார். அவருக்கு நெஞ்சுவரை தாடி, முகத்தில் எப்போதும் ஒரு புன்னகை.

நான் முதலில் சிரித்தேன். தலைமுடியைக் குடுமியாகக் கட்டிய ஆண்கள், குங்குமச்சிமிழ் அளவு கிண்ணத்தில் தேநீர் குடித்தபடி, ஒருவருக்கொருவர் உடல்நலம் விசாரித்துக்கொண்டே குழி பறித்தார்கள். ஒரு கிண்ணம் முடிவதற்குள் மூன்று பேருக்குப் பதவி போனது. இதையா பார்க்கிறீர் என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

“அங்க தலை போனாலும் கடைசியில கடிதத்தைச் சபையில வைச்சு வாசிக்கிறாங்கள். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்.”

அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் உட்கார்ந்தவன் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஷிப்ட் மாற்றத் தொடங்கினேன். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. சனிக்கிழமை காலை வேலை செய்யமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். குடும்பத்தில் ஒரு நீதிப் பிரச்சினை என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நீதி விஷயத்தில் நான் ஒன்றும் புதியவன் இல்லை. ஜெர்மனியில் ஆறு வருடம் அகதி வழக்கு நடத்தியவன். அங்கே சரிவராமல் இங்கே வந்து, இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, மூன்றாம் நீதிபதியால் நம்பப்பட்டவன். அவரும் நம்பினாரா, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் இந்த வீட்டில் வழக்கறிந்தவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. முப்பதாம் அத்தியாயம் அளவில் மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன்: பள்ளிக்கூடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன், அவள் பெயரை மீட்டு, வகுப்பையும் மீட்டுத் தருவேன் என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணம் செய்த நாளில்கூட அப்படி ஒரு நம்பிக்கையோடு அவள் என்னைப் பார்க்கவில்லை.

தொடரில் கற்றதை நான் நடைமுறைப்படுத்தத் தொடங்கினேன். முதலாவது பாடம், கோபத்தைக் காட்டக்கூடாது. கோயிலில் தலைவரைக் கண்டபோது நானே போய்க் கும்பிட்டு, பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவரும் புன்னகைத்து என் முழங்கால் வலியை விசாரித்தார். இருவர் கையிலும் கிண்ணம் மட்டும் இல்லை. அடுத்த பாடம், அரண்மனைக்குள் ஓர் ஆள் வேண்டும்.

எனக்கு ஆள் இருந்தான். பள்ளிக்கூடத்தின் செயலாளர், ஜெர்மனியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். என்னைவிட ஏழு வயது இளையவன். எங்கள் இருவருக்கும் ஒரு குளிர்கால ஜாக்கெட் இருந்தது; பகல் வேலைக்குப் போனவன் வந்து கழற்ற, இரவு வேலைக்குப் போகிறவன் போட்டுக்கொண்டு போவான். அப்படிப்பட்டவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி நான் குனிந்து பேசினேன். கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. எனவே உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

முழுத் திட்டத்தையும் சொன்னேன். கூட்டத்தின் கடைசி விடயமாக 'வேறு விடயங்கள்' வரும்போது நான் எழும்புவேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் எழும்புவார்கள். அவன் தேநீரைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றான். பதவிப் பிரமாணம் ஒன்றும் எடுக்காதவன், எடுத்தவன்போலச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணை, நியாயம் உங்கட பக்கம்தான். ஆனா நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

எங்கள் ஆட்களிடம் இந்த வாசகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. இதைச் சேர்த்துச் சொல்லப்பட்ட எதுவும் மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். நானும் என் திட்டத்தை அவனிடம் சொல்லிமுடித்து இதே வாசகத்தைத்தான் சொன்னேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஏழு பேரையும் வீடுவீடாகப் போய்ச் சேர்த்தேன். எல்லோரும் தேநீர் தந்தார்கள். எல்லோரும் அநியாயம் என்றார்கள். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒருவர் மேசையில் குத்தி, இதைக் கேட்க ஓர் ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்டார். அவரையே கேட்கச் சொன்னேன். “நீங்கள் எழும்புங்கோ, நாங்கள் பின்னால நிக்கிறம்” என்றார். மற்ற ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். பின்னால் நிற்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

பேச்சை மூன்று பக்கத்தில் எழுதினேன். மனைவி சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தாள். நீதி கிடைக்கிறதோ இல்லையோ, ஒற்றுப்பிழை இருக்கக்கூடாது என்றாள். முதல் பக்கத்தில் மட்டும் பதினொரு இடத்தில் சுழித்திருந்தாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தோம். அரசவையில் அந்த இளைஞன் வரிசையிலிருந்து ஓர் அடி முன்னால் வைத்து, கடிதத்தை வாசிக்கவேண்டும் என்று தரையில் தலை வைத்துக் கேட்டான். யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசியில் மண்டபம் முழுவதும் முழந்தாளில் நின்றது. மனைவி சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நானும் மூக்கை உறிஞ்சினேன். அந்த ஏழு பேரும் எந்த ஒழுங்கில் எழும்புவார்கள் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு படுக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கென்று அறிவித்த கூட்டம் மூன்றேகாலுக்குத் தொடங்கியது. மண்டபம் ஐந்து மணிவரைதான் எங்களுக்கு. ஐந்து அடித்ததும் காவலாளி சாவியோடு வந்து வாசலில் நிற்பார். மங்கல விளக்கு ஏற்ற ஒன்பது பேரை அழைத்தார்கள். நெருப்புப்பெட்டி இல்லாமல் பத்து நிமிடம் போனது. இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. பெண்கள் இடப்பக்கம் இருந்தார்கள். மனைவி மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவள் பக்கத்துக் கதிரைகள் இரண்டும் வெறுமையாகவே இருந்தன. நான் பேச்சின் மூன்று பக்கமும் இருந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, என் முறைக்காகக் காத்திருந்தேன்.

ஆண்டறிக்கை முடிந்ததும் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தான். நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விடயம் என்று தொடங்கினான். இருபது வருடமாக விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒலிபெருக்கி கட்டியும் கதிரை தூக்கியும் மௌனமாகத் தொண்டு செய்யும் ஒரு பெருமகனை இன்று கௌரவிக்கவேண்டும் என்றான். மௌனமாக என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னதாக எனக்கு இப்போது படுகிறது. என் பெயரைச் சொன்னான். பிழையில்லாமல் சொன்னான்.

சபை கைதட்டியது. தலைவரே மேடையிலிருந்து இறங்கி வந்தார். கையில் பொன்னாடை, பிளாஸ்டிக் உறை கழற்றாதது. பள்ளிக்கூட அலுமாரியில் எப்போதும் அரை டசின் இருக்கும். ஓடிப்போயிருக்கலாம், வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் தமிழன் ஒருவனை நோக்கிப் பொன்னாடை வரும்போது அவன் கை தானாகவே குவியும், தலை தானாகவே குனியும். அதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. தலைவர் போர்த்தினார். படம் எடுத்தார்கள். படம் சரியாக வரவில்லை என்று, கழற்றி இன்னொருமுறை போர்த்தினார். சீனப் பேரரசர் ஒருவனை முடிக்க நினைத்தால் பட்டுத்துணியும் நஞ்சும் அனுப்புவார். எங்கள் தலைவர் சிக்கனமானவர், துணியோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வார்த்தை பேசுங்கோ என்று ஒலிவாங்கியைத் தந்தார்கள். மூன்று பக்கம் கோப்பில் இருந்தது. கோப்பு பொன்னாடைக்குள் இருந்தது. இந்தக் கௌரவத்துக்கு நான் தகுதியானவன் அல்ல என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அது. நிர்வாகத்துக்கு நன்றி சொன்னேன். தலைவருக்கு விசேடமாக நன்றி சொன்னேன். உட்கார்ந்தேன்.

ஐந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது 'வேறு விடயங்கள்' வந்தது. தலைவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், வேறு விடயம் ஏதும் இல்லைத்தானே என்று. போர்த்திய கையின் சூடு ஆறுமுன் போய் அவரையே எப்படிக் கேட்பது? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதுபோல இருந்தது எனக்கு. திரும்பி என் ஏழு பேரையும் பார்த்தேன். நான் எழும்பினால் பின்னால் நிற்பதற்காக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையின் சரிகைக் கரையைப் பார்த்தேன். அதில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை நெடுநேரம் பார்த்தேன். சரி, நன்றியுரைக்குப் போவம் என்று தலைவர் சொன்னார்.

“எனக்கு ஒரு விஷயம் இருக்கு” என்று இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மனைவி எழும்பி நின்றாள். கையில் காகிதம் ஒன்றும் இல்லை. தன்னைப் பற்றி வந்த கடிதத்தை இப்போதே இங்கேயே வாசிக்கவேண்டும் என்றாள். தலைவர் அது அந்தரங்கம் என்றார். அவளுடைய பெயர் கெடக்கூடாது என்றுதான் ஐந்து மாதம் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்.

“கெடுறது என்ர பேர்தானே, ஐயா. நானே கேக்கிறன். வாசியுங்கோ.”

வகுப்பில் பிள்ளைகள் அடங்கும்வரை நிற்பாளே, அப்படி நின்றாள். செயலாளர் தலைவரைப் பார்த்தான், பிறகு சட்டைப்பைக்குள் கை விட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். ஐந்து மாதம் எங்களை நித்திரை கொள்ளவிடாத அந்தக் கடிதம் நாலே வரி. பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற பிள்ளைக்கு டீச்சர் தன் வீட்டில் இரகசியமாக வகுப்பு எடுத்தார், ஆகவே தீர்ப்புச் செல்லாது. இப்படிக்கு, நலன்விரும்பி.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழும்பினாள். அந்தப் பிள்ளையின் தாய். இந்த டீச்சரின் வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தனக்குத் தெரியாது, பிள்ளைக்குப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தது தகப்பன் என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மாதத்தில் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

இதை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை என்றார் தலைவர்.

“நம்பாட்டி ஏன் என்னை நிப்பாட்டினனீங்கள்?” என்று மனைவி கேட்டாள்.

எங்கள் தலைவர்களுக்குப் பதில் இல்லாத இடத்தில் ஒரு குழு இருக்கும். மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைப்பதாக அறிவித்தார். இரண்டு பெயர் சொன்னார். மூன்றாவதாக என் பெயரைச் சொன்னார். நடுநிலைமையானவர், எல்லோராலும் மதிக்கப்படுபவர் என்றார்.

“அவர் வேண்டாம்” என்றாள் மனைவி. “அவருக்குப் போர்த்தியாச்சு.”

சபை சிரித்தது. ஐந்து மாதமாக அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காரப் பயந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன், அதைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தெரியவில்லை. எனக்கு வெட்கம் தாங்கமுடியவில்லை.

குழு ஒருமுறைதான் கூடியது. மூன்றாம் கிழமை தலைவர் அழைத்து, டீச்சர் ஓய்வெல்லாம் எடுத்து முடிஞ்சுதோ என்று கேட்டார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நலன்விரும்பி யாரென்றும் தெரியவில்லை. அவள் சேலை உடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள். செயலாளர் வந்து, எல்லாம் எங்கள் நல்லதுக்குத்தான் செய்ததாகச் சொன்னான். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அதெல்லாம் பிறகு. அன்று காரில் ஏறியதும் நான் காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். நேரம் போதாது, சபைநாகரிகம், ஏழு பேர் கைவிட்டது, கொஞ்சம் பொறுத்து எழும்புவதாகத்தான் இருந்தேன். நல்ல காரணங்கள். மூன்று நீதிபதிகளிடம் பழகியவன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். கோலியர்ஸ் வுட் நிலையத்தைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

“நீங்கள் எழும்புவீங்கள் எண்டுதான் இருந்தனான். கனநேரம் உங்களையே பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பொன்னாடையின் அந்த நூலைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து அவள் பக்கம் பார்த்திருந்தேன். அதை அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை.